தரைப்பாலத்தில் ஒரு மினி பஸ்

நவம்பர் 3, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறது எழுத்து. பிசியோதெரபிப் பெண்ணின் யோசனை இது. தினமும் எதையாவது எழுதிப் பழகுங்க சார் என்றாள். வலது கை தேறிய பிறகு இந்த நோட்டைத் தூக்கி எறிந்துவிடுவேன்.

நவம்பர் 5, புதன்

தங்கை பிரம்மசக்தியின் வீடு. அம்பாசமுத்திரம். மழை. மதியச் சாப்பாட்டை பிரம்மசக்தி ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். ஐம்பத்தாறு வயதில் ஸ்பூன்.

நவம்பர் 6, வியாழன்

மாப்பிள்ளைக்கு கூரியரில் ஒரு பெட்டி வந்தது. மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர், ஆவுடையப்பன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடைக்கு ஏதோ லென்ஸ் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு பொம்மை. நாலு விரல் உயரத்தில் ஒரு சிப்பாய்.

"மச்சான், பாருங்க. கழுத்து திரும்பும், முழங்கை மடங்கும், மணிக்கட்டுகூட சுத்தும்."

சுற்றிக் காட்டினார். பொம்மையின் மணிக்கட்டு நன்றாகவே சுற்றியது. எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லி அறைக்கு வந்துவிட்டேன்.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் தங்கை மகளின் அறையைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அலமாரியில் அவளுடைய புத்தகங்கள் ஒரு தட்டில்தான் இருக்கின்றன. மற்ற எல்லாத் தட்டிலும் இவருடைய ஆட்கள். சிப்பாய்கள், விண்வெளிக்காரர்கள், முகமூடிக்காரர்கள், இரும்பு மனிதன் ஒருவன். கண்ணை மூடும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

நவம்பர் 8, சனி

மனிதர் இவற்றை வைத்து விளையாடவில்லை. விளையாடினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். படம் எடுக்கிறார்.

கடையை அடைத்துவிட்டு மதியம் வந்தவர் மொட்டைமாடித் தகரக் கூரைக்கடியில் ஒரு தாம்பாளத்தில் நாட்டுச் சர்க்கரையைக் கொட்டினார். அது பாலைவனமாம். அதில் சிப்பாயைக் குப்புறப் படுக்கவைத்துத் துப்பாக்கி நீட்டச் செய்தார். எறும்பு வந்தது. துடைக்காமல் எறும்போடு சேர்த்தே எடுத்தார். சிப்பாயின் தலையைவிட எறும்பு கொஞ்சம்தான் சிறியது. அதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பல் டாக்டர், பேங்க் மேனேஜர், பஞ்சாயத்து கிளார்க் என்று மீசை நரைத்தவர்கள் எல்லாம் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். வேற லெவல் சார் என்று பல் டாக்டர் எழுதியிருந்தார்.

நான் ஒரு பத்திரிகையில் இருபத்தேழு வருடம் படம் எடுத்தவன். தேர் சாய்ந்ததை எடுத்திருக்கிறேன். தீப்பெட்டி ஆலை எரிந்ததை எடுத்திருக்கிறேன். இந்த வீட்டில் நாட்டுச் சர்க்கரைப் பாலைவனத்தைப் பார்த்து, நல்லா இருக்கு மாப்பிள்ளை என்று சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மதுரை ஆபீஸிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மழைக்காலம், வேலை இருக்கும். நான் பைக்கிலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. என் இடத்தில் ஒரு பையனைப் போட்டிருக்கிறார்களாம். தற்காலிகம்தான் என்று செய்திப் பிரிவில் இருக்கும் சம்பத் சொன்னான். அவன் சொன்னது போன மாதம்.

நவம்பர் 13, வியாழன்

இன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் போனை நீட்டி, "இது எப்படி இருக்கு மச்சான்?" என்றார். விண்வெளிக்காரன் தோசை மாவில் நடந்துகொண்டிருந்தான். அது நிலாவாம்.

"பொம்மை மாதிரி இருக்கு."

"பொம்மைதான மச்சான்."

"அப்ப எதுக்குப் படம் எடுக்கணும்? அலமாரியிலேயே நிக்கட்டும். படம்னா பாக்கவன் ஒரு நிமிஷமாவது நம்பணும். இத எங்க ஊர்ல கைக்குழந்தைகூட நம்பாது."

அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரசச் சோற்றைப் பிசைந்தார். பிரம்மசக்தி என் தட்டிலிருந்த ஸ்பூனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வேறு ஸ்பூன் வரவில்லை. இடது கையால் பிசைந்து சாப்பிட்டேன். பாதி மேஜையில்.

நவம்பர் 14, வெள்ளி

வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உணர்ச்சியில்லாமல் இருக்கின்றன. நரம்பு மெதுவாகத்தான் வளரும் சார், வளராமலும் போகலாம் என்றார் டாக்டர். முழு முட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

அவருடைய படங்களில் என்ன கோளாறு என்று யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும். பல் டாக்டரா சொல்லுவார்?

மாடிக்குப் போனேன். நின்றுகொண்டு, மேலேயிருந்து எடுக்கிறார். மேலேயிருந்து பார்த்தால் எவனும் பொம்மைதான். "படும் மாப்பிள்ள" என்றேன். "எங்க?" என்றார். "தரையில. காமிரா அவன் கண்ணு மட்டத்துக்கு இறங்கணும்." தொப்பையோடு ஈரத் தரையில் படுத்தார். எழுந்திருக்கத் தூக்கிவிட வேண்டியிருந்தது, அதுவும் ஒரு கையால்.

பாசி பிடித்த கைப்பிடிச் சுவர், கீழேயிருந்து பார்த்தால் ஆற்றங்கரைப் பாறை. மாடிக் குழாயடியில் பூந்தொட்டிகளிலிருந்து வழிந்து தேங்கியிருந்த செம்மண் தண்ணீர், கீழேயிருந்து பார்த்தால் ஆறு. அவருக்கு இது தெரியவே தெரியாது. ஒன்றரை வருடமாக இந்த மாடியில் நாட்டுச் சர்க்கரை கொட்டிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 18, செவ்வாய்

மாப்பிள்ளை ஒரு மினி பஸ் செய்கிறார். சன்போர்டு என்கிற நுரை அட்டையை வெட்டி ஒட்டி, என் முழங்கையளவு நீளத்தில். கூரையைத் தனியாகக் கழற்றலாம். உள்ளே தெர்மாகோலில் சீட்டுகள். சீட்டுக்கு பச்சை ரெக்சின்கூட ஒட்டியிருக்கிறார். வெளியே தெரியாத இடத்துக்கு இவ்வளவு உழைப்பு. விவரம் கெட்ட வேலை.

"பஸ்ஸுக்குப் பேர் எங்க?" என்றேன்.

"பேர் எதுக்கு மச்சான்?"

"பேரும் போர்டும் இல்லாத பஸ் எந்த ஊர்ல ஓடுது?"

நம் தெரு வழியாகச் செங்கானூருக்குப் போகும் மினி பஸ்ஸின் நீலத்தையும் மஞ்சள் பட்டையையும் அப்படியே அடித்தார். நெற்றியில் 'செங்கானூர்' என்று எழுதினார். முன் கண்ணாடியில் ஒரு விரிசல் உண்டு அந்த பஸ்ஸுக்கு. அதையும் போடச் சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி

கொத்தமல்லிக் கட்டின் வேர்களைப் பிரம்மசக்தி வெட்டிப் போட்டிருந்தாள். எடுத்து வைத்துக்கொண்டேன். வெள்ளத்தில் பிடுங்கிக்கொண்டு வரும் மரங்கள். "அது எதுக்குண்ணே?" என்றாள். சும்மா என்றேன். சிப்பாய்க்கு இவள் பழைய ஜாக்கெட் துணியில் சட்டையும் கைலியும் தைத்துக் கொடுத்திருக்கிறாள். குடும்பமே இப்படி.

நவம்பர் 23, ஞாயிறு

எடுத்தாயிற்று.

காலையிலிருந்து மூட்டமான வெளிச்சம். நிழல் விழாத வெளிச்சம். இதற்காகத்தான் காத்திருந்தேன். குழாயடித் தேக்கத்தில் பஸ்ஸை ஒரு பக்கமாகச் சாய்த்து ஜன்னல்வரை மூழ்கவைத்தோம். செம்மண்ணும் டீ டிகாஷனும் கலந்த தண்ணீர். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பம்ப்பால் பிரம்மசக்தி மழை பெய்யவைத்தாள். டேபிள் ஃபேன் காற்று. கொத்தமல்லி வேர்கள் பஸ்ஸின் இடுப்பில் சிக்கின. கைலி கட்டியவன் கூரைமேல் மண்டியிட்டுத் தண்ணீரை நோக்கிக் கையை நீட்டினான்.

மாப்பிள்ளை தண்ணீரில் இன்னொரு பொம்மையைப் போடப் போனார். வேண்டாம் என்றேன். "கை நீட்டுதவன் மட்டும் போதும். தண்ணிக்குள்ள யாருன்னு பாக்கவன் நினைச்சுக்கிடட்டும்."

காமிராவை அவர்தான் பிடித்தார். நான் பக்கத்தில் படுத்து, அவர் தோளைப் பிடித்து, கொஞ்சம் கீழே, கொஞ்சம் வலது பக்கம் என்று நகர்த்தினேன். பம்ப்பின் சாரல் காற்றில் வளைந்தது. "இப்ப" என்றேன். அவர் அழுத்தினார். விரல் மட்டும்தான் அவருடையது.

படத்தைத் திரையில் பார்த்ததும் பிரம்மசக்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு, "இத அழிச்சிருங்க. பாக்கவே பயமா இருக்கு" என்றாள். அழிக்கவில்லை.

மாப்பிள்ளை மூலையில் தன் பெயரைப் போட்டு, மொட்டைமாடியில் எடுத்தது, பொம்மைகள் இன்னின்ன என்று விவரமெல்லாம் எழுதிக் குழுவில் போட்டார். பல் டாக்டருக்கு வார்த்தையே வரவில்லையாம்.

சாயங்காலம் சம்பத்துக்கும் ஒன்று அனுப்பினேன். மாப்பிள்ளை என் போனுக்கு அனுப்பியிருந்த, பெயர் போடாத படம். 'செங்கானூர் தரைப்பாலம்' என்று மட்டும் எழுதினேன். சும்மாதான். அவன் கண்டுபிடிக்கிறானா பார்ப்போம்.

நவம்பர் 24, திங்கள்

மலையில் நல்ல மழை. ஆற்றில் நிஜமாகவே வெள்ளம். செங்கானூர் தரைப்பாலம் காலையிலேயே மூழ்கிவிட்டதாம்.

சம்பத் பதில் போடவில்லை. மதியம் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் படம் வந்திருக்கிறது. 'வெள்ளத்தில் சிக்கிய மினி பஸ், பயணிகள் கதி என்ன?' படம் எடுத்தவர் பெயர் இல்லை. என் பெயரைப் போடாமல் ஒரு வருடம்கூட அந்தப் பத்திரிகை நடந்ததில்லை.

இதைப் பார்த்து நம்புகிறார்கள் என்றால் என்ன சொல்ல? கொத்தமல்லி வேர் அது. கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தெரியும். ஒருவன்கூட உற்றுப் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். ஒருவன் பிணங்களை எண்ணிவிட்டான். ஒருவன் அரசாங்கத்தைத் திட்டுகிறான். எங்கள் பழைய நிருபர் ஒருவர், படம் பேசுகிறது என்று எழுதியிருக்கிறார். மூடர்கள்.

சம்பத்தைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் போன் பிஸியாக இருந்தது. ஒரு தடவை முயன்றேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை கடையிலிருந்து நனைந்துகொண்டே வந்தார். "மச்சான், நம்ம படம்" என்றார். மூச்சு வாங்கியது. "உங்க குழுவுல எவனோ வெளிய விட்டிருக்கான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையைத் துவட்டப் போனார்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் குழுவில் போட்ட படத்தில் அவர் பெயர் இருந்ததே, அதை வைத்துத்தான்.

போலீஸ்காரர்கள் சொன்ன விஷயம் இதுதான். செங்கானூர் மினி பஸ்ஸின் டிரைவர் பெயர் சுடலைக்கண்ணு. பாலம் மூழ்கியதும் அக்கரையிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறான். டவர் இல்லை. அவன் அம்மாவுக்கு பக்கத்து வீட்டுக்காரி போனில் படத்தைக் காட்டியிருக்கிறாள். முன்கண்ணாடி விரிசலைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் பாலத்துக்கு ஓடியிருக்கிறாள். கரையில் வழுக்கி விழுந்து, வெள்ளம் இழுத்துக்கொண்டு போக இருந்தவளை இரண்டு பேர் சேலையைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். இடது கை முறிந்துவிட்டது.

இருபத்தேழு வருடம் நிஜத்தை எடுத்தேன். என் படத்தைப் பார்த்து ஒருவரும் செருப்பில்லாமல் ஓடியதில்லை.

பிரம்மசக்தி அடுப்பு பற்றவைக்கவில்லை. வாசல் கதவருகே நின்றாள்.

"அவர் பேரு போட்ட படந்தான் குழுவுல போச்சு. பேப்பர்ல வந்ததுல பேரு இல்ல. பேரு இல்லாத படம் இந்த வீட்டுல ரெண்டு போன்லதான் இருக்கு" என்றாள்.

நான் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தேன்.

"அவருக்கு நேத்தே தெரியும்ணே. என்ட்ட சொன்னாரு. மச்சான் கையில்லாம ஒக்காந்திருக்காரு, இதையும் போய்க் கேக்காண்டாம்னாரு."

கையில்லாமலா. கை இருக்கிறது. விரல்தான் கொஞ்சம்.

"நீங்க வந்த நாள்ளேருந்து நிஜம் மாதிரி இல்ல, நிஜம் மாதிரி இல்லன்னு அவர உரிச்சீய. அவரு பாட்டுக்குச் சீனியில சிப்பாய வச்சு வெளையாடிக்கிட்டிருந்தாரு. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

நாட்டுச் சர்க்கரை என்று திருத்தப் போனேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

சட்டையை மாற்றிக்கொண்டேன். பொத்தான் போட அவளைக் கூப்பிடவில்லை. அதனால் நேரமாகிவிட்டது.

நவம்பர் 26, புதன்

நேற்று மீதியை எழுத முடியவில்லை. கை ஓய்ந்துவிட்டது. இன்று எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்கு பிரம்மசக்தியும் வந்தாள். கூடையில் பஸ்ஸை வைத்து, மேலே துண்டு போட்டு மூடியிருந்தாள். மாப்பிள்ளை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்ணாடியில்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஜெபராணி. "பொம்மைங்காரு, மாடிங்காரு, என்ன கத சொல்லுதாரு இவரு?" என்று எங்களிடம் கேட்டார். "நீங்க யாரு?"

"மேடம், அந்தப் படம் என்னோடது. எப்படி வைக்கணும்னு சொன்னது நான். பஸ்ஸுக்கு ஊர்ப்பேர் எழுதச் சொன்னதும் நான்தான். பேப்பருக்கு அனுப்புனதும் நான்தான். அவரு குழுவுல போட்டப்ப பொம்மைன்னு எழுதித்தான் போட்டாரு."

"மச்சான், நீங்க சும்மாருங்க" என்றார் மாப்பிள்ளை.

"நீரு சும்மாரும்."

"எதுக்கு அனுப்புனீங்க?" என்றார் ஜெபராணி.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சம்பத்தின் கண்ணைச் சோதிக்க, பத்திரிகையின் லட்சணத்தைப் பார்க்க. வரும் வழியில் ரயில்வே கேட் மூடிக்கிடந்த நேரத்தில் யோசித்து வைத்திருந்தேன். அந்த மேஜைக்கு முன்னால் நின்று சொல்ல வாய் வரவில்லை.

"அவங்க என்னைக் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. பிரம்மசக்தி குனிந்து கூடையைத் தரையில் வைத்தாள்.

அந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். சுடலைக்கண்ணு, முப்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, தண்ணீர் வடிந்ததும் இக்கரைக்கு வந்திருந்தான். அவன் அம்மா பூரணம், சின்ன உருவம், முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு, கழுத்தில் தொங்கவிட்ட தூளி. புகார் எழுதிக் கொடுக்க வந்திருந்தார்கள். ஜெபராணி அவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். பொம்மை பஸ்ஸாம்மா, பொய்ப் படமாம்.

"காட்டுங்க" என்றாள் பூரணம்.

பிரம்மசக்தி துண்டை எடுத்துவிட்டு பஸ்ஸை மேஜைமேல் வைத்தாள். ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். ஜெபராணி அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சுடலைக்கண்ணு கண்ணாடி விரிசலை விரலால் தொட்டான். "நம்ம வண்டிதான்" என்றான், யாரிடமும் இல்லாமல்.

பூரணம் பஸ்ஸைச் சுற்றி வந்தாள். குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "உள்ள தெரியலயே" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூரையைக் கழற்றினார். அந்த அம்மா நல்ல கையை உள்ளே விட்டாள். முன் சீட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு சீட்டாகப் பச்சை ரெக்சினைத் தடவிக்கொண்டே பின்னால் போனாள். சீட்டுக்கு அடியிலும் விரலை விட்டுப் பார்த்தாள். சீட்டுகளில் இன்னும் ஈரம் இருந்தது. டிகாஷன் கறை அவள் விரலில் ஒட்டியது.

"எம்மா, நான் இங்கதான நிக்கேன்" என்றான் சுடலைக்கண்ணு.

அவள் திரும்பவில்லை. கடைசி நீளச் சீட்டுவரை போய்விட்டுக் கையை எடுத்தாள்.

"யாரும் இல்ல" என்றாள். பிறகுதான் அழுதாள்.

நான் அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே நிற்கவேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துப் பழக்கம். நேற்று எங்கே நிற்பதென்று தெரியவில்லை. சுவரில் காந்தி படத்துக்குக் கீழே நின்றேன்.

மன்னிச்சிருங்கம்மா என்று சொன்னேன். அவள் காதில் விழுந்திருக்கும். விரலில் ஒட்டிய கறையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையை விட்டுவிட்டார்கள். என்மீது வழக்கு. கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பத்திரிகை படத்தை எடுத்துவிட்டது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம்.

நவம்பர் 28, வெள்ளி

சம்பத் கூப்பிட்டான். "ஏன்யா என் வேலைக்கு உலை வச்ச?" என்றான். இனிமேல் நீ இந்தப் பக்கம் வரமுடியாது என்பதை அவன் சொல்லவில்லை. நானாகச் சொல்லிவிட்டேன். "கை தேறாது சம்பத். டாக்டர் அப்பவே சொல்லிட்டார்." பிறகு சாப்பிட்டியா என்று கேட்டான். அவன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எரிச்சலாக வந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

மாப்பிள்ளை மாடிக்குப் போகவில்லை. அலமாரியில் ஆட்கள் தூசி படிந்து நிற்கிறார்கள். வரவேற்பறையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தார். அவருக்கு கிரிக்கெட் பிடிக்காது.

"மாடிக்குப் போகலியா?" என்றேன்.

"இனிமே எதுக்கு மச்சான்" என்றார்.

"தோசை மாவு மிச்சம் இருக்கு. நிலாவுக்குப் போம்."

சிரித்தாரா இல்லையா தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் படியில் சத்தம் கேட்டது. படம் எப்படி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. கேவலமாகத்தான் வந்திருக்கும். நின்றுகொண்டே எடுத்திருப்பார்.

டிசம்பர் 12, வெள்ளி

பிசியோதெரபி. உள்ளே போனால் பெஞ்சில் பூரணம். மாவுக்கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார்களாம். வேறு இடம் இல்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தெரிந்துகொண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நியாயம்.

பிசியோதெரபிப் பெண் எனக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து வலது கையால் பிடிக்கச் சொன்னாள். விரல் மடங்கவில்லை. பந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்து பூரணம் உட்கார்ந்திருந்த பக்கம் உருண்டு போனது. குனிந்து தேட எனக்கு அவமானமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பூரணம் தன் விரல்களை மடக்கிக்கொண்டே இருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே, காலால் பந்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.